சர்க்கரை நோயும் ஒய்.எம்.சி.ஏ.வும்

2001 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அமெரிக்காவின் சுகாதாரத் துறைச் செயலர் டாமி தாம்சன் ஒரு மருத்துவ ஆய்வின் முடிவை அறிவித்தார். அந்த ஆய்வு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதற்குள் நிறுத்திவிட்டார்கள். பொதுவாக ஒரு ஆய்வைப் பாதியில் நிறுத்தினால் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அர்த்தம். இது நேர் எதிர். ஒரு பிரிவினருக்குக் கிடைத்த பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றப் பிரிவினரை மேலும் ஒரு வருஷம் சும்மா வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தார்கள்.

ஆய்வின் பெயர் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம். சுருக்கமாக டி.பி.பி. சர்க்கரை நோய் வந்தவர்களுக்கான ஆய்வு அல்ல இது. நம்மூரில் ‘பார்டர்ல இருக்கு’ என்று சொல்வார்களே, அந்த பார்டரில் நிற்பவர்களுக்கானது. வெறும் வயிற்றில் 95-லிருந்து 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-லிருந்து 199 வரை. நோயாளி என்று சீட்டு எழுத முடியாது. ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்று அனுப்பவும் முடியாது.

அமெரிக்கா முழுவதும் 27 மையங்கள், பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவமனைகள். 3,234 பேர். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. இரண்டாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின், அதாவது இன்றும் சர்க்கரை நோயாளிகள் பாதிப்பேர் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை கிடையாது, ஒரு பயிற்சியாளர் மட்டும். (முதலில் நான்காவதாக ஒரு பிரிவும் இருந்தது. ட்ரோகிளிடசோன் என்ற மருந்து கல்லீரலைப் பாதிக்கிறது என்று தெரிந்ததும் 1998-ல் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள்.)

மூன்றாவது பிரிவுக்குக் கொடுத்த இலக்கு இரண்டே இரண்டு. உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமாக ஏதாவது செய்ய வேண்டும். 80 கிலோ இருப்பவர் ஐந்தரை கிலோ குறைத்தால் போதும், ஒரேயடியாக இளைத்துத் துரும்பாக வேண்டியதில்லை. இதற்கு 16 பாடங்கள் இருந்தன. சாப்பாட்டில் கொழுப்பை எண்ணுவது எப்படி, ஓட்டலுக்குப் போனால் என்ன செய்வது, மனசு சரியில்லாத நாளில் சாப்பாட்டில் கை வைக்காமல் இருப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பயிற்சியாளர் நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்.

2002 பிப்ரவரியில் முழு முடிவும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நூறு பேரை ஒரு வருஷம் கவனித்தால், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 11 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 7.8 பேர். பயிற்சி பெற்றவர்களில் 4.8 பேர். அதாவது மாத்திரையால் 31 சதவீதம் குறைவு, நடையாலும் சாப்பாட்டாலும் 58 சதவீதம் குறைவு. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பயிற்சியின் பலன் இன்னும் அதிகம், 71 சதவீதம். வயதானவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

இதில் அமெரிக்கா முதல் ஆளும் இல்லை. 1986-லேயே சீனாவில் தாச்சிங் என்ற எண்ணெய் நகரத்தில், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரைப் பரிசோதித்து அதிலிருந்து 577 பேரைத் தேர்ந்தெடுத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஆறு வருஷத்தில், ஒன்றும் செய்யாதவர்களில் 67.7 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி என்று ஏதோ ஒன்றை மாற்றியவர்களில் 41-லிருந்து 46 சதவீதம். பின்லாந்தில் 522 பேரிடம் செய்த ஆய்வு 2001-ல் வெளியானபோது அங்கேயும் 58 சதவீதம் குறைவு என்று வந்தது. இரண்டு நாடுகள், இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரே எண்! மருத்துவத்தில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

ஆக 2002-லேயே விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. என்ன செய்தால் நோய் தள்ளிப் போகும் என்று தெரியும். எவ்வளவு தள்ளிப் போகும் என்றும் தெரியும். பாடப் புத்தகமும் தயார். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். அப்படியானால் அடுத்த வருஷமே ஊர் ஊராக இந்த வகுப்பு தொடங்கியிருக்க வேண்டுமே?

தொடங்கவில்லை. காரணம் பில்.

டி.பி.பி. ஆய்வுக் குழுவே 2003-ல் ஒரு செலவுக் கணக்கையும் வெளியிட்டது. பயிற்சிப் பிரிவில் ஒருவருக்கு முதல் வருஷம் மட்டும் ஆன செலவு 1,399 டாலர். மெட்ஃபார்மின் பிரிவில் 1,019 டாலர். மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் பயிற்சிக்கு 2,780 டாலர். ஏன் இவ்வளவு? ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளர் பெரும்பாலும் பட்டம் பெற்ற உணவியல் நிபுணர். இது போக ‘கருவிப்பெட்டி’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். எடை குறையாமல் தடுமாறுபவருக்குச் சமையல் புத்தகம் வாங்கித் தரலாம், ஜிம்மில் சேர்த்துவிடலாம். அதற்கு ஆளுக்கு வருஷத்துக்கு 100 டாலர் வரை ஒதுக்கீடு. ஆய்வு என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும், அதில் தப்பில்லை. ஒரு விஷயம் பலன் தருமா என்று பார்க்கும்போது அதை அரைகுறையாகக் கொடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அப்போது பார்டரில் இருந்த அமெரிக்கர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஒரு கோடிப் பேர் என்று வைத்து 1,399-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்து நானூறு கோடி டாலர் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். செலவு செய்பவர் ஒருவர், மிச்சம் பிடிப்பவர் இன்னொருவர். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் கம்பெனி மூலமாக வருகிறது. ஒரு இன்சூரன்ஸ் நிறுவனம் இன்றைக்கு ஒருவருக்காக 1,399 டாலர் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நோய் வரவில்லை. சந்தோஷம். ஆனால் வராத நோயின் மிச்சம் கையில் வர ஐந்து, பத்து வருஷம் ஆகும். அதற்குள் அவர் வேலை மாறுவார், இன்சூரன்ஸும் மாறும். 65 வயதானால் அரசின் மெடிகேர் திட்டத்துக்குப் போய்விடுவார். மிச்சம் யாருக்கு? போட்டி நிறுவனத்துக்கும் அரசாங்கத்துக்கும். பிறகு யார் முதலில் பையில் கை விடுவார்கள்?

மருத்துவமனைகளின் நிலைமையும் இதுதான். டாக்டர் ஒருவரைப் பதினைந்து நிமிஷம் பார்ப்பார், மருந்து எழுதுவார், அதற்குக் கட்டணம் உண்டு. பதினாறு வாரம் உட்கார்ந்து ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்பதற்குக் கட்டணப் பட்டியலில் இடமே கிடையாது. மருந்தென்றால் விற்க ஒரு கம்பெனி இருக்கும், அதன் பிரதிநிதி பையோடு வந்து டாக்டர் வாசலில் நிற்பார். நடைப்பயிற்சிக்கு எந்தப் பிரதிநிதி வருவார்?

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் இந்தியானாபோலிஸ் நகரத்தில் இருந்தார்கள். இந்தியானா பல்கலைக்கழகம் அந்த 27 மையங்களில் ஒன்று. அங்கே ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் டேவிட் மர்ரேரோ. அவரோடு சேர்ந்தவர் ரொனால்ட் ஆக்கர்மன் என்ற மருத்துவர். இவர்கள் யோசித்தது ரொம்ப எளிமையான விஷயம். இந்த வகுப்புக்கு மருத்துவமனை எதற்கு? ஊசி இல்லை, மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை. வேண்டியதெல்லாம் ஒரு அறை, பத்து நாற்காலி, ஒரு எடை மெஷின், பேசத் தெரிந்த ஒரு ஆள். இவை ஏற்கெனவே எல்லா ஊரிலும் யாரிடம் இருக்கின்றன?

ஒய்.எம்.சி.ஏ.விடம்.

1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கியது இந்த அமைப்பு. வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்கள் கெட்டுப் போகாமல் இருக்க பிரார்த்தனைக்கும் பைபிள் வகுப்புக்கும் என்று ஆரம்பித்தார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகு உடற்பயிற்சி அதன் அடையாளமாக மாறியது. கூடைப்பந்து 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது, கைப்பந்து 1895-ல் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில். சென்னைக்காரர்களுக்கு நந்தனம் மைதானம் தெரியும். அங்கே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி க்ரோ பக் இதே பரம்பரையில் வந்த அமெரிக்கர்தான். அமெரிக்காவில் இன்றும் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மூன்று மைல் தூரத்துக்குள் ஒரு ஒய்.எம்.சி.ஏ. உண்டு. நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அங்கேயே. மருத்துவமனை என்றால் ‘எனக்கு என்ன நோய், நான் ஏன் வரணும்’ என்று கேட்பவர்கூட இங்கே சும்மா வந்து போவார்.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் இந்தக் கூட்டணியின் உயிர். பல்கலைக்கழகம் பாடத்தைக் கொடுத்தது, ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பலனை அளந்தது. வகுப்பை நடத்தியது ஒய்.எம்.சி.ஏ. பதினாறு பாடம் பதினாறாகவே இருந்தது. மாறியது இரண்டு விஷயம். ஒருவருக்கு ஒருவர் என்பது போய் ஒரு குழுவுக்கு ஒருவர் என்றானது. உணவியல் நிபுணர் போய், பயிற்சி பெற்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் வந்தார். செலவில் பெரும்பகுதி இந்த இரண்டிலும்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்காலியிலோ எடை மெஷினிலோ இல்லை.

பல்கலைக்கழகக்காரர்களுக்கு இது சுலபமான முடிவாக இருந்திருக்காது. இருபத்தேழு மையங்களில் அவ்வளவு கவனமாக நடத்திய ஒன்றை, மருத்துவத்தில் எந்தப் பட்டமும் இல்லாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். சொதப்பிவிட்டால்?

சொதப்பவில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள இரண்டு ஒய்.எம்.சி.ஏ.க்களை எடுத்துக்கொண்டார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதித்து 92 பேரைச் சேர்த்தார்கள். ஒரு இடத்தில் குழு வகுப்பு, இன்னொரு இடத்தில் சுருக்கமான ஆலோசனை மட்டும். 2008-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் வகுப்புக்காரர்கள் சராசரியாக 6 சதவீதம் எடை குறைந்திருந்தார்கள், மற்றவர்கள் 2 சதவீதம். ஒரு வருஷ முடிவிலும் அந்த 6 சதவீதம் அப்படியே நின்றது. பெரிய ஆய்வில் உணவியல் நிபுணர்கள் கொண்டுவந்த பலனுக்கு வெகு பக்கத்தில் இது. செலவோ ஆளுக்கு 300 டாலரைச் சுற்றித்தான். 1,399 எங்கே, 300 எங்கே!

நியாயமாகச் சொன்னால் 92 பேர் என்பது சின்ன ஆய்வு. அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று அது பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தது. பெரிய ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வரும் அபாயம் 16 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டிருந்தார்கள். அதை நம்பி எடையையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். இந்த ‘எடைதான் அளவுகோல்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

பின்னாளில் அதே இந்தியானாபோலிஸில் இன்னொரு சோதனையும் நடந்தது. இந்தத் தடவை 509 பேர், பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர்கள். 2015-ல் வந்த அதன் முடிவு கொஞ்சம் கசப்பு. வகுப்பு இலவசம்தான். இருந்தும் அழைக்கப்பட்டவர்களில் ஒரு வகுப்புக்காவது வந்தவர்கள் 62.6 சதவீதம். ஒன்பது வகுப்பாவது வந்தவர்கள் 40 சதவீதம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற பிரிவைவிட 2.3 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒன்பது வகுப்புக்கு மேல் வந்தவர்களை மட்டும் பார்த்தால் 5.3 கிலோ. வகுப்பில் உட்கார்ந்தவருக்குப் பலன் கிடைக்கிறது. உட்கார முடியாதவருக்கு? இரண்டு ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு மூன்று மைல்கூட தூரம்தான்.

ஆனால் அதற்குள் இந்தியானாபோலிஸ் விஷயம் தேசிய அளவுக்குப் போய்விட்டிருந்தது. 2010 இதில் முக்கியமான வருஷம். அந்த ஏப்ரலில் யுனைடெட்ஹெல்த் என்ற பெரிய இன்சூரன்ஸ் நிறுவனம் ஒய்.எம்.சி.ஏ.வோடு கைகோத்து, வகுப்புக்குப் பணம் தர முன்வந்தது. சும்மா தரவில்லை. பலனுக்கு ஏற்ற பணம் என்ற ஒப்பந்தம். அதே வருஷம் ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் நேஷனல் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராமுக்கு இடம் கிடைத்தது. சி.டி.சி. என்கிற அரசின் நோய்த் தடுப்பு மையத்துக்கு அந்தப் பொறுப்பு வந்தது. யார் வகுப்பு நடத்தலாம், எத்தனை பேர் தொடர்ந்து வர வேண்டும், சராசரி எடைக் குறைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம் தரம் வைத்து அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். சர்ச், மருந்துக்கடை, மருத்துவமனை, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

2012-ல் மெடிகேரின் புதுமை மையம் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு 1 கோடியே 18 லட்சம் டாலர் கொடுத்து, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வகுப்பு நடத்திப் பார்க்கச் சொன்னது. 2016 மார்ச்சில் சுகாதாரத் துறைச் செயலர் சில்வியா பர்வெல் முடிவை அறிவித்தார். வகுப்பில் சேராத அதே மாதிரி ஆட்களோடு ஒப்பிட்டால், சேர்ந்தவர் ஒவ்வொருவராலும் 15 மாதத்தில் மெடிகேருக்கு 2,650 டாலர் மிச்சம். மெடிகேரின் சொந்தக் கணக்காயர் அலுவலகமே இதற்குச் சான்றிதழ் கொடுத்தது. நோய் வருமுன் காக்கும் ஒரு சோதனைத் திட்டம் இப்படித் தேர்ச்சி பெற்றது அதுவே முதல் தடவை. (வகுப்பில் தானாக வந்து சேர்பவர் ஏற்கெனவே உடம்பில் அக்கறை உள்ளவர், அதனால் மிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.)

மிச்சம் பிடிப்பவரும் செலவு செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். மெடிகேரில் சேர்ந்தவர் அனேகமாகக் கடைசி வரை மெடிகேரில்தான் இருப்பார். அதனால்தான் கணக்கு அங்கே ஒத்துவந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் மெடிகேர் இந்த வகுப்புக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

எப்படிக் கொடுத்தது என்பதைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 2018-ன் விலைப்பட்டியல் இப்படி இருந்தது: ஒருவர் முதல் வகுப்புக்கு வந்தால் 25 டாலர். நான்கு வகுப்பு முடித்தால் 50. ஒன்பது முடித்தால் 90. எடை 5 சதவீதம் குறைந்தால் 160. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொடர் வகுப்புகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் நினைத்தபடி நடந்து, இரண்டு வருஷம் அவர் எடையை ஏற்றாமல் வைத்திருந்தால் மொத்தம் 670 டாலர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது வகுப்பு வந்தும் எடை குறையாதவருக்கு? 25, 50, 90, ஆக 165 டாலர். முதல் வருஷத்தின் பின்பாதியில் தொடர்ந்து வந்தால் மூன்று மாதத்துக்கு 15 டாலர் சேரும். இதற்கு ஒரு பயிற்சியாளரை வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அறை வாடகை கட்ட வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் மெடிகேருக்குப் பில் போட வேண்டும். அதற்கு முன் மெடிகேருக்கு ஒரு பில்கூடப் போட்டிராத ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் எத்தனையோ. முழுக்க ஆன்லைனில் நடத்துபவர்களுக்கு அப்போது இந்தத் திட்டத்தில் இடமும் இல்லை.

விளைவு? மெடிகேரில் இருந்தவர்கள் ஆறு கோடிக்கும் மேல். 2018-லிருந்து 2021 முடியும் வரை இந்த வகுப்பில் சேர்ந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் ஐயாயிரத்தைத் தொடவில்லை. நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். ஆனால் கொரோனாவுக்கு முந்தைய இரண்டு வருஷமும் நிலைமை ஒன்றும் பிரமாதமாக இல்லை. பிறகு இரண்டாவது வருஷத் தொடர் வகுப்பை 2022 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு எடுத்துவிட்டார்கள். 2024 முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தால் வந்ததற்குப் பணம், எடை குறைந்தால் தனியாகப் பணம் என்று மாற்றினார்கள். அதாவது வகுப்பு நடத்துவதற்கே காசு ஆகிறது என்பதை ஒப்புக்கொள்ள ஆறு வருஷம் பிடித்தது.

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு பார்டரில் இருந்த 531 பேரை நான்காகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. மூன்று வருஷக் கணக்கில், ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து! அமெரிக்காவைவிட வேகம் அதிகம். நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். அதாவது அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினைக் கூடச் சேர்த்தும் அதற்கு மேல் பலன் இல்லை. பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து, வேலைக்குப் போகும் 537 ஆண்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவில், செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய், வராதவர்களில் 27 சதவீதம். பயிற்சியாளர் சம்பளத்தைவிட எஸ்.எம்.எஸ். மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கப் பாடத்தை நேரடியாக எடுத்துச் சென்னைக்கு ஏற்ப மாற்றியவர்கள் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகமும். டி-க்ளிப் என்று பெயர். 578 பேர், குழு வகுப்பு, நான்கு மாதம் கழித்தும் அபாயம் குறையாதவருக்கு மட்டும் மெட்ஃபார்மின். 2016-ல் வந்த முடிவில் நோய் 32 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் வகுப்புப் பிரிவில் 72 சதவீதம் பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. கேரளத்தில் வாக்குச்சாவடி வாரியாக 60 பகுதிகளைப் பிரித்து, உள்ளூர் ஆட்களையே வைத்து நடத்திய இன்னொரு சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. இரண்டு வருஷத்தில் 14.9 சதவீதம், மறுபக்கம் 17.1 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் பார்டரில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். இவ்வளவு பேருக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்றால் அமெரிக்காவின் பணம் கொடுக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ராமச்சந்திரன் ஆய்வில் ஒரு விவரம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. அந்தச் சென்னைக்காரர்கள் அமெரிக்கர்கள் அளவுக்குக் குண்டானவர்கள் இல்லை. இரண்டரை வருஷம் நடந்தார்கள், சாப்பாட்டை மாற்றினார்கள், நோயும் குறைந்தது. ஆனால் சராசரியாக அவர்கள் எடை குறையவே இல்லை. 2018-ன் மெடிகேர் பட்டியலை வைத்து அந்த வகுப்பை நடத்தியவருக்குப் பணம் கொடுத்திருந்தால், 5 சதவீதத்துக்கான அந்த 160 டாலர் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்திருக்கும்.